நான்காவது ஊற்று

செப்டம்பர் 9, திங்கள்

ஹிசவா மலைக்கிராமத்துக்கு வந்து சேர்ந்தேன். நகோயாவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம், பிறகு பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடைசி இருபது நிமிடம் பஸ்ஸில் ஓட்டுநரும் நானும் மட்டும். மூடிவிட்ட தொடக்கப் பள்ளியின் ஆசிரியர் குடியிருப்பில் எனக்கு ஓர் அறை. பாயில் ஈர வாடை. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை, மூக்கில் இடிக்கிற தூரத்தில்.

வேலை எளிதுதான். இந்தச் சரிவில் பதினான்கு ஊற்றுகள் இருக்கின்றன. மலையின் அந்தப் பக்கத்திலிருந்து சாலைக்காக ஒரு சுரங்கம் குடைந்துகொண்டு வருகிறார்கள். அதனால் ஊற்றுகளுக்கு ஏதாவது ஆகிறதா என்று வாரம் ஒருமுறை அளந்து எங்கள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மார்ச் மாதம் வரை. ஒன்றும் ஆகாது, விதிமுறைக்காகச் செய்கிற வேலை என்று மேலாளர் நிஷிமோரி-சான் சொல்லி அனுப்பினார்.

அரிசி, பருப்பு, புளி எடுத்து வந்தேன். சீரகத்தை மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

பதினான்கு ஊற்றுகளையும் பார்த்து முடித்தேன். ஒவ்வொன்றின் வாயிலும் V எழுத்துப்போல் வெட்டிய தகடு பதித்திருக்கிறார்கள். அதில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தால் விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடலாம். பெரியது நான்காவது ஊற்று. விநாடிக்கு முப்பத்தெட்டு லிட்டர். ஊரின் குடிநீர்த் தொட்டிக்குப் போவதும் அதுதான், ஊர்க்காரப் பெண்மணி சுமியே-சானின் வசாபித் தட்டுகளுக்குப் போவதும் அதுதான்.

வசாபி, பச்சை நிறத்தில் மூக்கைச் சுண்டுகிற அந்தக் காரக் கிழங்கு. ஓடுகிற ஊற்றுநீரில்தான் வளரும், கோடையிலும் நீர் சில்லென்று இருக்க வேண்டும். சுமியே-சான் பள்ளத்தாக்கில் கல் அடுக்கி, படிப்படியாக இறங்கும் பாத்திகளாகப் பதினொரு தட்டு வைத்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது. நகோயாவில் கல்யாணம் கட்டி, பதினாறு வருடம் இருந்துவிட்டு, தனியாகத் திரும்பி வந்தவர். நான் தகட்டருகே குனிந்திருந்தபோது பின்னால் வந்து நின்று, எங்கே பிறந்தாய், என்ன சாப்பிடுவாய், ஏன் புருஷன் இல்லை என்று வரிசையாகக் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு நான் தகட்டின் எண்ணைக் குறிக்கத் திரும்பிக்கொண்டேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இங்குள்ளவர்களின் மலைப் பேச்சு நகோயாக்காரர்களுக்கே பாதிதான் புரியுமாம். எனக்குள் அது மதுரை அருகே எங்கள் திருப்புவனத்துப் பேச்சாக வந்து விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

செப்டம்பர் 28, சனி

மழை. வெளியே போகவில்லை. பள்ளி அலமாரியில் ஊரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் கிடைத்தது. பத்து வரிக்கு ஒருமுறை அகராதியைப் புரட்டிப் படித்தேன்.

'ஹி' என்றால் நீர் கொண்டுபோகும் மரக்குழாய், 'சவா' என்றால் மலை ஓடை. முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு நிலநடுக்கத்தில் இந்தப் பக்கத்து மலை சரிந்து கீழே வந்து நின்றது. சரிந்த மண் ஒரு படிபோல ஆயிற்று. செங்குத்தான இந்தப் பள்ளத்தாக்கில் சமமான இடம் அது ஒன்றுதான். உடைந்த பாறை வழியாக ஊற்றுகளும் கிளம்பின. ஆறு குடும்பங்கள் மரக்குழாய்களைச் சுமந்துகொண்டு மேலே ஏறி வந்தன. நிலநீர்ப் பாடத்தில் நான் படித்ததும் இதுதான். மலை உடைந்த இடத்தில்தான் தண்ணீரும் ஊரும்.

நெல் சரியாக வராது. தினையும் பக்வீட் என்ற மலைத் தானியமும் விதைத்தார்கள். பிறகு கரிமூட்டம். பிறகு பட்டுப்புழு, சரிவெல்லாம் முசுக்கட்டைச் செடி. பட்டு விலை விழுந்தது, போர் வந்தது, பையன்கள் போனார்கள், கல்லில் பதினேழு பெயர் வெட்டினார்கள். போருக்குப் பின் சரிவு முழுக்க தேவதாரு நட்டார்கள், அதை வெட்டி விற்க இன்று ஆளில்லை. இப்போது முப்பத்துநான்கு வீடு. சாயங்காலம் விளக்கு எரிவது பத்தொன்பதில்.

நாள் முழுக்க உட்கார்ந்தது ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்பை இரண்டு முறை துடைத்தேன்.

அக்டோபர் 5, சனி

எல்லாம் சரி. நான்காவது: 38.

அக்டோபர் 17, வியாழன்

நான்காவது: 29.

தகட்டில் இலை அடைத்திருக்கும் என்று தேய்த்துக் கழுவி மறுபடி பார்த்தேன். 29.

அக்டோபர் 18, வெள்ளி

மறுபடி போனேன். 28. மூன்றும் ஐந்தும் கொஞ்சம் இறங்கியிருக்கின்றன, மற்றவை அப்படியே.

இந்த மாதம் மழை குறைவு. அதனால் இருக்கலாம் என்று குறிப்பில் எழுதினேன். மழை குறைந்தால் பதினான்கும் சேர்ந்து குறைய வேண்டும். அதைக் குறிப்பில் எழுதவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

21.

சுரங்கப் பணியின் வாரச் சுற்றறிக்கை வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: அக்டோபர் 15 அன்று உடைந்த பாறை அடுக்கில் எதிர்பாராத நீர்வரத்து, பணி இரண்டு நாள் நிறுத்தம். வரைபடத்தில் அளந்து பார்த்தேன். நான்காவது ஊற்றுக்கு நேர் பின்னால், எழுநூறு மீட்டர்.

நிஷிமோரி-சானைத் தொலைபேசியில் அழைத்தேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, நவம்பர் 30 அன்று ஹிசவாவில் ஊர்க் கூட்டம் இருப்பது எனக்குத் தெரியும்தானே என்றார். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் ஒரு துணை வாய் திறக்க ஊர்ச் சம்மதம் வேண்டும். கூட்டம் முடியும்வரை இந்த எண்கள் ஆய்வில் இருக்கின்றன, ஆய்வில் இருக்கும் எண்ணை வெளியே சொல்வது முறையில்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கடைசியில் என் விசா புதுப்பிப்பு எந்த மாதம் என்று அன்பாக விசாரித்தார். ஜனவரி என்றேன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு வார எண்ணை வைத்துக்கொண்டு ஊரைக் கலவரப்படுத்தக் கூடாது.

நவம்பர் 2, சனி

ஒரே இடத்தில் இருக்க முடியவில்லை. துணி துவைத்தேன், காயவில்லை, எடுத்து உள்ளே போட்டேன், மறுபடி வெளியே போட்டேன். வாரம் ஒருமுறை அளந்தால் போதும், நான் தினமும் போகிறேன். வழியில் காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிப் போட்டிருக்கிறது. இங்கே மூன்று மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. அதன்பின் நிறைய நேரம் மிச்சமிருக்கிறது, செய்ய ஒன்றும் இல்லை.

அம்மா பேசினாள். முட்டிவலி, மருந்து, பக்கத்து வீட்டுக் கல்யாணம். அண்ணனைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

17.

நவம்பர் 9, சனி

காலையில் சுமியே-சான் கதவைத் தட்டினார். மலைக்குக் கீழிருந்து வசாபி நாற்று வந்து இறங்கியிருக்கிறது, இரண்டாயிரத்து நானூறு. வழக்கமாக உதவிக்கு வரும் பெண்மணிக்குக் கையில் கட்டு. வருகிறாயா என்று கேட்டார். ரப்பர் பூட்ஸையும் கையோடு கொண்டு வந்திருந்தார், ஒரு அளவு பெரியது.

போனேன். முட்டிக்குக் கீழே நீர் ஊசியாகக் குத்தியது. கூழாங்கல்லை விரலால் விலக்கி, வேரைச் சாய்த்து வைத்து, மறுபடி கல்லால் மூட வேண்டும். வேர் மேல் நோக்கி வளையக் கூடாது. இரண்டாவது தட்டில் நான் நட்டதை அவர் பிடுங்கித் திரும்ப நட்டார். நான்காவது தட்டிலிருந்து பிடுங்கவில்லை. மதியம் உப்பிட்ட முள்ளங்கியும் சோற்று உருண்டையும். இந்த நாற்று அறுவடைக்கு வர பதினெட்டு மாதம் ஆகும் என்றார்.

நடுவில் நிமிர்ந்து ஓடையைப் பார்த்தார்.

"தண்ணி கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. இல்ல?"

மழை குறைவு என்றேன்.

"ஆமா. பனி விழுந்தா ஏறிரும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

கடைசித் தட்டு முழுக்க நானே நட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இடுப்பு வலி. வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

11. கீழே இருந்து மூன்று தட்டுகளில் கல் வெளியே தெரிகிறது. சுமியே-சான் மேல் தட்டிலிருந்து குழாய் வைத்து நீரைத் திருப்பியிருக்கிறார்.

இதை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும்.

மதுரையில் நான் வேலை பார்த்தபோது, எங்கள் ஊரிலிருந்து நான்கு மைல் தள்ளி ஒரு குடிநீர் பாட்டில் ஆலை வர இருந்தது. நிலத்தடி நீர் அறிக்கையை எங்கள் அலுவலகம் தயாரித்தது. சோதனைக் கிணற்றில் நீர் இறங்கிய வேகத்தைப் பார்த்தவள் நான். மூன்று நாள் சோதனையை ஒரு நாளோடு நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். 'சுற்றுப்புறக் கிணறுகளுக்குப் பாதிப்பு ஏற்பட வாய்ப்பில்லை' என்ற வாக்கியம் நான் எழுதியது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாள் சோதனையில் அப்படித்தான் தெரியும்.

இரண்டு வருடத்தில் எங்கள் அண்ணனின் கிணறு வற்றியது. அறிக்கையில் என் கையெழுத்தை யாரோ அவருக்குக் காட்டினார்கள். அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. ஆறு வருடம். நான் ஜப்பானுக்கு வந்தது மேற்படிப்புக்காக என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் அண்ணனை அழைத்தேன். நான்கு முறை அழைத்தும் மணி அடித்து நின்றது. ஐந்தாவது முறை எடுத்தார். யார் என்று கேட்கவில்லை. நானே பேசினேன், இங்கே ஊற்று, சுரங்கம், நாற்று, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்றே தெரியவில்லை. பின்னால் டிராக்டர் சத்தம் வந்தது.

"அந்தம்மா கடன ஒடன வாங்கி நட்டுச்சா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"நான் கரும்பு வச்சேன். நீ கையெழுத்துப் போட்ட வருசம். தண்ணி போகப் போவுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டேன், கோதை. கெணறு போனது கம்பெனிக்காரனால. கரும்பு காஞ்சது ஒன்னால."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது. அங்க போய்ச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

மலையைச் சுற்றி இருட்டும்வரை நடந்தேன். எந்த வழியாகப் போனேன் என்று நினைவில்லை.

நவம்பர் 27, புதன்

6.

தகட்டிலிருந்து நேராகச் சுமியே-சானிடம் போனேன். கொட்டகையில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். சுரங்கம் உடைந்த பாறையைத் தொட்டது, தண்ணீர் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, பனி விழுந்தாலும் ஏறாது.

அவர் பிடியைத் தட்டுவதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே கேட்டார்.

"எப்பத் தெரியும்?"

"அக்டோபர் பதினேழு."

"அப்ப நாத்து நட்டன்னைக்குத் தெரியும்."

"தெரியும்."

"மழ இல்லன்னு சொன்னே."

"ஆமா."

"கடசித் தட்டு முழுக்க நீதான் நட்டே."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார். இவாசே-சான் வீட்டுப் பக்கம் நடந்தார். இவாசே-சான் இந்த ஊர்த் தலைவர். நான் கொட்டகையிலேயே நின்றேன். பிறகு, அங்கே நிற்க எனக்கு வேலை இல்லை என்று தோன்றிக் கிளம்பினேன்.

நவம்பர் 30, சனி

பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். பத்தொன்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு இரண்டு. சுரங்க நிறுவனத்திலிருந்து மூன்று பேர், அவர்களோடு நிஷிமோரி-சான். கதவருகே என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லாததுபோல் இருக்கிறது, அறைக்குப் போய் ஓய்வெடுக்கலாமே என்றார். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

நிறுவனத்தார் படம் போட்டுக் காட்டினார்கள். துணை வாய், லாரிப் பாதை, புதுப் பாலம். ஊற்றுகள் பற்றி ஒரு பக்கம், அதில் செப்டம்பர் எண்கள் மட்டும். இவாசே-சான், இதற்குப் பிறகு அளக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அளந்தது ஆய்வில் இருக்கிறது என்று பதில் வந்தது.

எழுந்து நின்றேன். முப்பத்தெட்டிலிருந்து ஆறு வரை, தேதியோடு, ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுற்றறிக்கையின் அந்த ஒரு வரியையும் படித்தேன். நிறுவனத்தார் ஒருவர், இவை சரிபார்க்கப்படாத எண்கள், இவர் தற்காலிகப் பணியாளர் என்று விளக்கினார்.

அப்போது சுமியே-சான் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எண்ணு சரியா தப்பான்னு என் தட்டுல வந்து பாருங்க, கல்லு தெரியுது. இந்தப் பொண்ணு லேட்டாத்தான் சொன்னா. எனக்கு அது ஆறல. ஆனா எம் மொகத்துக்கு நேரா வந்து சொன்னா. நீங்க இப்பவும் சொல்லல."

இவாசே-சான் என் பக்கம் திரும்பி, தண்ணீர் திரும்ப வருமா என்று கேட்டார். கூடமே என்னைப் பார்த்தது. வரலாம் என்று வாய்வரை வந்தது.

"வராது" என்றேன்.

டிசம்பர் 6, வெள்ளி

இரண்டு செய்தி. ஊரார் வாக்கெடுத்தார்கள், துணை வாய்க்குச் சம்மதமில்லை, பதினொன்றுக்கு எட்டு. அந்த எட்டுப் பேர் புதுப் பாலம் வேண்டும் என்றவர்கள். அதில் இரண்டு பேர் என்னைக் கண்டால் இப்போது வேறு வழியில் திரும்புகிறார்கள். நிறுவனம் குடிநீருக்கு லாரித் தொட்டி அனுப்புகிறது. சுரங்கம் அந்தப் பக்கத்தில் நின்றிருக்கிறது, மறு ஆய்வு முடியும்வரை.

இரண்டாவது, என் வேலை பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. கடிதம் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. விசாவுக்கு வேறு நிறுவனம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் ஊருக்கு. எட்டு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். பெட்டியைக் கட்டினேன். ஸ்வெட்டர் வேண்டுமென்று அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன்.

டிசம்பர் 12, வியாழன்

முதல் பனி. இவாசே-சான் வந்தார், கையில் எண்ணெய்த்தாள் சுற்றிய தடித்த புத்தகம். ஊர்ப் பதிவேடாம். தீ, மண்சரிவு, மின்சாரம் வந்த நாள், பள்ளியின் கடைசி மாணவி தேர்ச்சி பெற்ற நாள் எல்லாம் இதில் இருக்கின்றன. எதுவாக இருந்தாலும் கண்ணால் பார்த்தவர்தான் எழுத வேண்டும், ஊரார் ஒருவர் படித்துப் பார்த்து முத்திரை வைக்க வேண்டும். தண்ணீர் போனதைப் பார்த்தது நான்தானே, எழுதுங்கள் என்றார்.

என் ஜப்பானிய எழுத்து பள்ளிக் குழந்தையின் எழுத்துபோல் இருக்கும். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஊற்றின் இடம், அக்டோபர் 17, முப்பத்தெட்டு, இருபத்தொன்பது, இன்றைக்கு ஐந்து, காரணம். இவாசே-சான் படித்துவிட்டுச் சுமியே-சானைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சுமியே-சான் பூட்ஸில் பனியோடு வந்தார். கூட்டத்துக்குப் பிறகு இன்றுதான் நேருக்கு நேர். முத்திரையைப் பையிலிருந்து எடுத்து, மையில் தொட்டு, படித்தார். முழுதாகப் படித்துவிட்டு முத்திரையைத் துணியில் துடைத்தார்.

"ஒரு தேதி கொறையுது."

பேனாவை எடுத்தேன். 'அளந்தவர் இதை ஊரில் முதலில் சொன்னது நவம்பர் 27' என்று எழுதினேன். இவாசே-சான் நாள்காட்டியைப் பார்த்து எண்ணி, நாற்பத்தொரு நாள் என்றார். அதையும் எழுதினேன்.

சுமியே-சான் மறுபடி மையில் தொட்டு முத்திரை வைத்தார்.

டிசம்பர் 14, சனி

ஏழு பத்து பஸ்ஸுக்காக ஆறரைக்கே நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றேன். ஏழேகாலுக்குச் சுமியே-சானின் சிறு லாரி வந்து நின்றது.

"அது சனிக்கிழம ஓடாது" என்றார்.

பெட்டியை வாளிகளுக்கு நடுவில் வைத்தேன். வசாபி என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன், ஓடைப் பக்கம் பார்த்தால் தெரிந்தது. மேல் ஐந்து தட்டில் மட்டும் பச்சை. மற்றதை அவர் பிடுங்கிவிட்டிருந்தார்.

அணைக்கட்டு வளைவில் திடீரென்று கேட்டார்.

"அந்தத் தகட்டுல எந்த எடத்துல படிக்கணும்?"

"வெட்டுக்கிட்டப் படிக்கக் கூடாது. அங்க தண்ணி எறங்கும், கம்மியாக் காட்டும். ஒரு மீட்டர் உள்ள தள்ளி, அசையாம நிக்கிற எடத்துல படிக்கணும்."

"வாரத்துக்கு ஒருக்காப் போதுமா?"

"போதும். ஒரே கெழம, ஒரே நேரம்."

"ஏழாம் நம்பர் ஊத்தும் போயிருமா?"

"தெரியல. மார்ச்சுக்குள்ள தெரிஞ்சிரும்."

ரயில் நிலையம்வரை கேட்டுக்கொண்டே வந்தார். உயரத்தை லிட்டராக்குவது எப்படி, பனி மூடினால் என்ன செய்வது, பழைய எண்கள் யாரிடம் இருக்கின்றன. நிலைய வாசலில் இன்ஜினை நிறுத்தாமல், டாஷ்போர்டிலிருந்து ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து நீட்டினார்.

"மறந்துருவேன். எழுதிக் குடு."

மடியில் வைத்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். அவர் வாங்கி முழுவதும் படித்தார். பிறகு திருப்பி என்னிடமே நீட்டினார். கீழே தேதி போட்டுக் கொடுத்தேன்.